ஓரத்து விதைகள்

"போன வருஷம் நூத்துக்கு நாப்பத்திரண்டு எண்ணெய் சார். இந்தத் தடவை இருபத்தொம்பது. நாளைக்கு என் ரகத்தையே உழுதுடுவாங்களாம்," என்றாள் ஜோதிலட்சுமி.

2005 மாசி. கும்மிடிப்பூண்டி எண்ணெய் ஆலையின் சோதனை வயலில் அவள் ஆறு வருஷம் பாடுபட்டு உருவாக்கிய சூரியகாந்தி அது. செவ்வாப்பேட்டையில் ஒற்றை அறை, பேச ஆளில்லை. அந்தப் பூக்களை விட்டால் அவளுக்கு வேறு நாதியில்லை.

துப்பறிவாளர் அப்துல் கனி நிதானமாகக் கேட்டார். அவருடைய அண்ணன் மகள் நசீராவுக்குத்தான் பொறுக்கவில்லை. "கூட வேலை செய்ற வெங்கடேசன்தான் விதைய மாத்திக்கீறான் சாச்சா. அவன் ரகந்தான இப்ப முதல்ல நிக்குது?"

வயலில் கனி, சோதனைக்குப் போனதில் மிஞ்சிய விதையைக் கையில் கொட்டினார். "உங்களுதுதானா?"

"அதே கோடு, அதே நிறம். ஆனா எல்லாம் பொடிசு."

பறவை கொத்தாமலிருக்கத் துணிப்பை கட்டிய பூக்கள் தலைகுனிந்து நின்றன. பைகளில் கிழிசல் இல்லை. ஆனால் காவல் குடிசையை ஒட்டி, அவளுடைய செடிகளின் அடியில் விதைத்தோல் இறைந்து கிடந்தது. குடிசையில் தொங்கிய, பறவை விரட்டத் தட்டும் தகர டப்பாவுக்குள் சிலந்தி வலை.

"கிளி வருமா?" என்றார் கனி.

"ஒண்ணு கூட வர்ல சார். தகரம் தட்டிக்கினே கீறேன்," என்றார் காவல்காரர் அப்பாவு.

கனி ஒரு பையை அவிழ்த்தார். பூவின் ஓரம் காலி. நடுவில் மட்டும் விதை. வெங்கடேசனையும் வரவழைத்தார்.

"யாரும் விதைய மாத்தல," என்றார் கனி. "கொழுத்த விதையெல்லாம் ஓரத்துல. நடுவுல இருக்கறது சாவி, பருப்பு கம்மி, எண்ணெயும் கம்மி. ஓரத்தைக் கிளி தின்னுடுச்சி. கிளிக்குப் பைய அவுத்துத் திரும்பக் கட்டத் தெரியுமா? தட்டின தகரத்துல சிலந்தி வலை கட்டுமா?"

அப்பாவு தலையைத் தொங்கப் போட்டார். "பொஞ்சாதி போனப்புறம் இங்க பேச்சுத்துணை யாரு சார்? இந்தக் கிளிங்கதான். கட்டில்ல குந்தினா இந்தச் செடிங்கதான் தெரியும். கொஞ்சம் தின்னா இன்னா ஆயிடப்போவுதுன்னு தொறந்து வுட்டேன்."

"வேலியே பயிர மேஞ்ச கதை," என்றாள் நசீரா.

வெங்கடேசன் ஜோதிலட்சுமியிடம் வந்தான். "தப்பு எனக்கும் உண்டு மேடம். வெயிலுக்குச் சோம்பல்பட்டு, கிட்ட இருந்த பூவையே பையோட வெட்டிச் சோதனைக்கு அனுப்பிட்டேன். அந்தக் கோடியில பறவை படாதது இருக்கு. நானே எடுத்துட்டுப் போறேன்."

உழவு நின்றது. மறுசோதனையில் நாற்பத்தொன்று வந்தது. ஜோதிலட்சுமி செல்போனை எடுத்தாள்; யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அப்பாவு மேல் கோபம் ஆறவில்லை. ஆனாலும் கால் அந்தக் குடிசைக்குத்தான் போனது.

"நாப்பத்தொண்ணு வந்துடுச்சி அண்ணே."

அவர் கட்டிலில் நகர்ந்து இடம் விட்டார். மடியில் தகரம், துடைத்துச் சுத்தமாக இருந்தது.

"காலைலேர்ந்து தட்டிக்கினே கீறேம்மா," என்றார். "கிளி ஒண்ணு கூட வர்ல."

இந்த முறை அது நிஜம்.