பின்கழுத்தில் மஞ்சள் தண்ணீர்

மஞ்சள் தண்ணீர் தெளிக்கிறவர்கள் தலையில்தான் தெளிப்பார்கள். சிவகௌரி பெரியம்மா பின்கழுத்தில் ஊற்றினாள். செருப்பைக் கழற்றக் குனிந்த தாட்சாயினியின் சட்டைக் கழுத்தை ஒரு விரலால் விலக்கி, செம்பைச் சரித்து, தண்ணீர் முதுகெலும்பின் வழியே இடுப்புவரை இறங்கும்படி பொறுமையாக ஊற்றினாள். பிறகு ஓரடி பின்னுக்குப் போய் நின்று பார்த்தாள். அவளுக்குப் பின்னால் தேவராஜா பெரியப்பாவும், மூத்த மகன் பாஸ்கரும், இளையவன் நிதுஷனும் வாசலை அடைத்துக்கொண்டு நின்று பார்த்தார்கள். குசினிக்குள் எதுவோ கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் பெரியம்மாதான் மூச்சு விட்டாள்.

"சரி, பரவாயில்லை. உள்ளை வாங்கோ பிள்ளை."

என்ன பரவாயில்லை என்று தாட்சாயினி கேட்கவில்லை. அது ஜனவரி மாதம், மெல்பேர்ண் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது, தண்ணீர் இதமாகவே இருந்தது. அவள் நேரே ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்தும் செத்தவீட்டிலிருந்தும் வருகிறவர்கள்மேல் தண்ணீர் தெளிப்பது நம் ஆட்களின் வழக்கம்தானே. வழக்கம் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் வளர்ந்தவளுக்கு, தலைக்கும் கழுத்துக்கும் என்ன வித்தியாசம் தெரியும்? யாரோ தனக்காக ஒரு சடங்கு செய்கிறார்கள் என்பதிலேயே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவளுடைய அப்பா இரத்தினசிங்கம் உயிரோடு இருந்தவரை, "எங்களுக்கு ஆக்கள் இல்லை" என்ற ஒரே பதிலைத்தான் சொன்னார். ஊர் எது என்று கேட்டால் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். மெல்பேர்ண் புறநகரான ரோவிலில் இருந்த அவர்கள் வீட்டில் ஆட்டிறைச்சி சமைத்ததே கிடையாது. வாசம் பட்டாலே அவருக்குக் குமட்டும். அம்மாவும் போய், அப்பாவும் போய், மிஞ்சியது அவளும் தம்பி சுபாங்கனும்தான். அந்தத் தம்பிக்கு இருபத்தொன்பதாவது வயதில் இரத்தப் புற்றுநோய் வந்தது. எலும்பு மஜ்ஜை கொடுக்க ஓர் உறவு வேண்டும் என்றார்கள். அக்காவின் இரத்தம் பொருந்தவில்லை. வேறு யாராவது சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா என்று வைத்தியர் கேட்டபோது, அப்பாவின் பதிலைத் திருப்பிச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

தேடினாள். அப்பாவின் பெட்டிக்குள் கிடந்த காணி உறுதியைத் தூசி தட்டினாள், யாழ்ப்பாணத்துப் பிறப்பு இறப்புப் பதிவுகளை ஆள் பிடித்து எடுப்பித்தாள், எச்சிலைக் குழாயில் துப்பி மரபணுப் பரிசோதனைக்கும் அனுப்பினாள். பதிவுகளை வைத்து வம்சமரம் கீறியபோது, தலைமுறைக்கு ஒரு வீட்டில் மூத்த பிள்ளை இளவயதிலேயே போயிருந்தது. கொலரா, மலேரியா என்று அந்தக் காலத்தில் என்னதான் இல்லை என்று நினைத்து விட்டுவிட்டாள். மரபணு முடிவு வந்த அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சொந்தக்காரர்கள் கடல்தாண்டி இல்லை, கார் எடுத்தால் போய்விடக்கூடிய த பேசின் என்ற புறநகரில், மலையடிவாரத்தில், அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணனும் குடும்பமும் இருந்தார்கள்.

அவள் பல் வைத்தியர். மற்றவர்கள் மூக்கையும் முழியையும் பார்த்துச் சொந்தம் கண்டுபிடிப்பார்கள், அவள் பல்லைப் பார்ப்பாள். முன்பல்லுக்குப் பக்கத்துப் பல் முளைக்காத இடைவெளி அப்பாவுக்கு இருந்தது, அவளுக்கும் தம்பிக்கும் இருந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்தபோது நாலு வாயிலும் அதே இடைவெளி. பெரியம்மாவும் மச்சாள் முறையில் அதே குடும்பத்துக்குள் கட்டினவள்தான்.

நிதுஷனின் இரத்தம் பொருந்தியது. பெரியப்பாவின் காலில் விழாத குறையாக அவள் அழுதாள்.

"எங்கட இரத்தம்தானே, ஏன் அழுறியள்?" என்றார் அவர். "ஒண்டும் வேண்டாம். பெடியன் சுகமானதும், எங்கட குலதெய்வத்துக்கு ஒருக்கால் வந்து நிண்டால் காணும்."

"கட்டாயம் வாறன் பெரியப்பா. என்ன பேர் சாமிக்கு?"

"பேர் சொல்லுறேல்லை," என்றார்.

ஏப்ரலில் மஜ்ஜை ஏற்றினார்கள். அதற்கு முன்பும் அதற்குப் பிறகும் அவள் அந்த வீட்டுக்குப் போன ஒவ்வொரு தடவையும் செம்பு வந்தது. மழைநாளில் கழுத்தைச் சுற்றியிருந்த சால்வையைப் பெரியம்மா அவிழ்த்துவிட்டு ஊற்றினாள். ஒருநாள் தண்ணீரில் ஐஸ் கட்டி கிடந்தது. வேலையும் ஆஸ்பத்திரியுமாக ஓடி உடம்பு மரத்துப்போயிருந்த தாட்சாயினி, பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். பெரியவர்கள் செய்வதற்கு முகம் சுளிக்கக்கூடாது என்று அவளுக்கு ஒரு மரியாதை. நாலு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சரி, பரவாயில்லை.

சுபாங்கன் தேறினான். கன்னத்தில் சதை வைத்தது, மயிர் முளைத்தது, இரத்த வகைகூட மாறி நிதுஷனுடையதாக ஆகிவிட்டது என்று வைத்தியர் சொன்னார். அது வழமைதானாம். அவள் சந்தோஷத்தில் கோயிலுக்கு ஓடினாள். ஆனால் வீட்டுக்குள் ஏதோ ஒன்று ஒத்துவரவில்லை. சனி ஞாயிறுகளில் அவன் த பேசினுக்குப் போய்விடுவான். ஆட்டிறைச்சி வாசத்துக்கே ஓடுகிறவன், டப்பாவில் ஆட்டு இரத்த வறை கொண்டுவந்து சூடாக்காமல் நின்றபடியே தின்றான். அவள் பாத்திரம் கழுவும்போது, பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டுத் திரும்பினால், அவன் குசினி வாசலில் நின்று அவளுடைய கழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"என்னடா?"

"ஒண்டுமில்லை அக்கா." கொஞ்சம் பொறுத்து, "எனக்குத் திரும்ப வருமாம். பெரியப்பா சொல்றார்," என்றான்.

"பெரியப்பா என்ன ஸ்பெஷலிஸ்றோ? விசர்க்கதை கதையாதை."

அவன் சிரிக்கவில்லை. அந்த இரவு அவன் அறையிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. கதவைத் தட்டினாள், திறக்கவில்லை. அவனுக்குச் சாவைப்பற்றி இருந்த பயம் அவளுக்குத் தெரியும். அந்தப் பயத்தை எப்படியாவது தன் தோளுக்கு மாற்றிக்கொள்ள முடிந்தால் நல்லது என்று அவள் உண்மையாகவே நினைத்தாள்.

ஓகஸ்ட் மாதத்து ஒரு பின்னேரம், நேர்த்திக்கடனைத் தீர்க்கப் போனார்கள். பிள்ளையார் கோயிலைத் தாண்டியதும் மூடுபனி மலையிலிருந்து றோட்டுக்கு இறங்கியிருந்தது. யூக்கலிப்டஸ் மரங்களில் பட்டை உரிந்து தொங்கியது. காரைச் சுபாங்கன் ஓட்டினான். வீட்டு வாசலில் பெரியம்மா இல்லை, செம்பும் இல்லை. அது அவளுக்கு ஏனோ நிம்மதியாக இருந்தது. பின்வளவில், பன்னச் செடிகளுக்கு நடுவே, ஒரு தகரக் கொட்டிலுக்குள் விளக்கு எரிந்தது. சாம்பிராணிப் புகையும், ஆட்டு மூத்திரமும், ஈர இரும்பு வாசமும் ஒன்றாகக் கலந்து அடித்தன. உள்ளே ஒரு சூலம். அதன்முன் சிமெந்துத் தரை நடுவை நோக்கிச் சரிந்து, ஒரு வடிகாலில் முடிந்தது. இவ்வளவு பெரிய வடிகால் எதற்கு என்று அவள் யோசித்தாள்.

ஒரு கறுத்த ஆட்டுக்கடாவைக் கொண்டுவந்தார்கள். மாலை போட்டார்கள். கத்தியோடு பாஸ்கர் தயாராக நின்றான், வெட்டவில்லை. பெரியம்மா செம்பைக் கொண்டுவந்து கடாவின் பின்கழுத்தில் ஊற்றினாள். ஊற்றிவிட்டு ஓரடி பின்னுக்குப் போனாள். எல்லாரும் நின்று பார்த்தார்கள்.

தாட்சாயினியின் கை தானாகத் தன் கழுத்துக்குப் போனது.

கடா ஈரத்தில் நின்றது. தகரத்தில் பனி சொட்டியது. திடீரென்று கடா தலைமுதல் வால்வரை உடம்பை ஒருதரம் சிலிர்த்தது.

"சம்மதம்," என்றார் பெரியப்பா.

கத்தி இறங்கியது. முதல் வெட்டில் கழுத்து பாதிதான் போனது. கடா குழந்தைக் குரலில் கத்தியது. முழங்கால் மடிந்து, தொங்கிய தலையோடு எழும்பப் பார்த்தது. பாஸ்கர் முதுகில் காலை வைத்து மிதித்து மறுபடி வெட்டினான். இரத்தம் தகரச் சுவரில் அடித்து அவள் மூக்குக்கண்ணாடியில் தெறித்தது. தரையில் கிடந்த தலை வாயைத் திறந்து திறந்து மூடியது. பெரியம்மா சட்டியை எடுத்துக்கொண்டு குந்தினாள்.

"இது எங்கட வீட்டுப் பங்கு," என்றார் பெரியப்பா. அவர் கடாவைப் பார்க்கவில்லை. "இனி உங்கட வீட்டுப் பங்கு. தலைமுறைக்கு ஒரு வீட்டிலை மூத்ததை அவர் கேட்பார். உங்கட அப்பாவின்ரை வீட்டுக்கு முறை வந்தபோது கொப்பர்தான் மூத்தவர். ஓடிட்டார். குடுக்காட்டால் இரத்தம் கெடும் பிள்ளை. தம்பிக்கு வந்த வருத்தம் சும்மா வந்ததெண்டே நினைச்சனீங்கள்?"

அவள் தம்பியின் கையைப் பிடித்து இழுத்தாள். "வாடா. காரிலை ஏறு."

அவன் நகரவில்லை. கை சூடாக இருந்தது.

ஓடினாள். வாசலில் நிதுஷன். பக்கத்தில் கிடந்த மண்வெட்டியைத் தூக்கி அவன் முகத்தில் வீசினாள். பல் உடையும் சத்தம் கேட்டது. தன் தம்பிக்கு உயிர் கொடுத்த பெடியன் வாய் நிறைய இரத்தத்தோடு சுவரில் சாய்ந்தான், அவளை வெறுப்பில்லாமல் பார்த்தான். ஃபோனை எடுத்தாள். பாஸ்கர் கத்தியின் பின்புறத்தால் மணிக்கட்டில் அடித்தான். எலும்பு முறிந்தது. அவளுக்கே கேட்டது. மயிரைப் பிடித்து இழுத்து வந்து, கடாவின் சூடான இரத்தத்துக்குள் முழங்காலில் நிறுத்தினார்கள்.

செம்பு வந்தது.

தண்ணீர். பனியைவிடக் குளிர். கழுத்து, முதுகு, இடுப்பு.

அசையக்கூடாது.

அவளுக்கு இப்போது விளங்கியிருந்தது. இத்தனை மாதமும் அவளைக் காப்பாற்றியது அவளுடைய மரியாதைதான். சம்மதமில்லாமல் இவர்கள் தொடமாட்டார்கள். முறிந்த கை தொங்கியது. பல்லைக் கடித்தாள். மூச்சை நிறுத்தினாள். இன்னொரு செம்பு. இன்னொன்று. விளக்கு சுடர் விட்டது. வெளியே வெளிச்சம் முழுதாகப் போய்விட்டது.

அவள் அசையவில்லை.

"ஒருநாளும் நடவாது போல கிடக்கு," என்றாள் பெரியம்மா. குரலில் களைப்பு. பாஸ்கர் கத்தியைத் தாழ்த்தினான்.

அப்போது சுபாங்கன் வந்தான். அவளுக்குப் பின்னால் குந்தினான். அவன் அழுதுகொண்டிருந்தான், மூக்கை உறிஞ்சுவது கேட்டது. வந்துவிட்டான் என்று அவள் நினைத்தாள். என்ன இருந்தாலும் என் தம்பி. என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்துவிட்டான்.

"ஸொறி அக்கா," என்றான். "எனக்குச் சாகப் பயமாக் கிடக்கு."

ஈர மயிரை மெல்ல ஒதுக்கினான். சின்ன வயதில், ஒரே கட்டிலில் படுத்த காலத்தில், அவள் அழுதுவிட்டுத் திரும்பிப் படுத்தால் அவளைச் சிரிக்க வைக்க அவனுக்கு ஒரு வழி தெரியும். வேறு ஒருவருக்கும் தெரியாது. அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

"வேண்டாம்," என்றாள். "சுபா, வேண்டாமடா."

உதடுகளைக் குவித்து, அவளுடைய பின்கழுத்தில், மெதுவாக ஊதினான்.

முழு உடம்பும் சிலிர்த்தது.

கொட்டிலுக்குள் எல்லாரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள். யாரோ "ஓம்" என்றார்கள். பாஸ்கரின் கையிலிருந்து இன்னொரு கைக்குக் கத்தி மாறும் சத்தம் கேட்டது. குனிந்திருந்த அவள் கண்ணுக்குத் தரை மட்டும் தெரிந்தது. வடிகாலை நோக்கி ஊரும் இரத்தம், அதற்கு இரு பக்கமும், ஓங்குவதற்கு வாகாக அகட்டி ஊன்றிய தம்பியின் கால்கள்.