ரத்தம் வருதுல்லா

ஜெல் வழிந்த ஸ்கேன் புரோபைத் துடைத்துக் கொக்கியில் மாட்டிவிட்டு நர்ஸ் ரம்யா நகர்ந்த பிறகும், திரையில் வெள்ளத்துரையின் கை நரம்பு துடித்துக்கொண்டே இருந்தது.

வெள்ளத்துரை அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். வலது கையில் ஊசி இரண்டும் இறங்கியாயிற்று; ரத்தம் குழாய் வழியே டயாலிசிஸ் மெஷினுக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்புகிறது; சாத்திய சன்னலுக்கு வெளியே துறைமுகத்து லாரிகள் உறுமுகின்றன; ஸ்பிரிட் வாடையும் ஏசிக் குளிருமாக அந்த மத்தியான அறை மீன் ஐஸ்பெட்டி போலக் கிடந்தது. மாப்பிள்ளையூரணியில் பலசரக்குக் கடை வைத்திருந்த மனுசர்; எடைக்கல்லையே இரண்டு தரம் உருட்டிப் பார்த்து வாங்குகிறவர். டாக்டர்மாரையா நம்புவார்? அவர் நம்பியது விரலை மட்டும்தான். டயாலிசிஸ் ஊசிக்காக ஆபரேஷன் பண்ணிப் பெரிய ரத்தக்குழாயோடு சேர்த்த அந்த நரம்பு, தொட்டால் குளவிக்கூடு மாதிரி விர்ரென்று அதிரும். இடது கை நரம்பு போன வருசமே அடைத்துப்போனது. இதுவும் போனால் ஊசி குத்த இடம் கிடையாது. ஆள் காலி.

"ஏளா, அந்தப் படம் ஆடுது பாரு."

படம் அப்படியே நின்றுபோயிருக்கும் என்று அவள் திரும்பாமலே சொன்னாள். நின்ற படம் துடிக்குமா? அவர் விடவில்லை. முணுமுணுத்துக்கொண்டே வந்து புரோபை அவர் கையில் வைத்தாள்.

திரை கறுத்தது.

ஜெல்லை இன்னும் பிதுக்கினாள், சாய்த்தாள், அழுத்தினாள். நரம்பும் இல்லை, ஊசியும் இல்லை. வெள்ளத்துரை இடது கையால் தொட்டுப் பார்த்தார். அதிர்வே இல்லை. குழாயில் மட்டும் ரத்தம் சிவக்கச் சிவக்க ஓடியது.

எங்கிருந்து?

ரம்யா டாக்டருக்குப் போன் போட்டாள். இங்கிலீஷில் பாதியை விழுங்கிப் பேசினாள். ஸ்கேனில் பார்த்ததை அவள் சொல்லி முடிக்குமுன் அந்தப்பக்கத்துக் குரல் குறுக்கே பாய்ந்தது. அது அவர் காதிலும் விழுந்தது.

"ரத்தம் வருதுல்லா? அப்போ ஓட்டும்மா. எனக்கு ஸ்கேன் பாடம் எடுக்காத."

"வருது சார்."

போனை வைத்தவள், கருவியில்தான் கோளாறு என்று காட்டுகிறவள் போல, சட்டைக் கையை ஏற்றிவிட்டுத் தன் கையிலேயே புரோபை வைத்தாள்.

திரையில் நரம்பு வந்தது. தடித்த நரம்பு. அதற்குள் வெள்ளையாய் இரண்டு கோடு. ஊசிகள்.

அவள் தோலில் ஒரு கீறல்கூட இல்லை.

அவள் உதடு வெளுத்தது. மெஷின் பக்கம் கை நீட்டினாள். எட்டவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தாள். வெள்ளத்துரையின் கையில் கதகதவென்று சூடு ஏறியது. சுகமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

ஆளைக் கூப்பிட்டார். தொண்டையில் காற்றுதான் வந்தது.

"அண்ணாச்சி... மெஷின நிறுத்துங்க," என்றாள் ரம்யா.

எந்தப் பொத்தான் என்று இத்தனை நாளில் எவன் அவருக்குச் சொல்லித் தந்தான்? இடது கையால் பிளாஸ்திரியைப் பிய்த்தார். ஒரு ஊசியைப் பிடித்தார். இழுத்தார்.

வந்துவிட்டது. ஓட்டையில் ஒரு சொட்டு இல்லை.

ரம்யாவின் வெறுங்கையில் ஒரு துளை திறந்தது. ரத்தம் விசிறிச் சுவரில் அடித்தது. அவள் பொத்தவில்லை. அவரையே பார்த்தாள்.

அவர் வலது கையில் இன்னும் ஒரு ஊசி குத்தியபடியே இருந்தது.