இரண்டு இருபத்தேழு

மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. பதினொரு மணிக்கே வரவேண்டிய ஓர்னெல்லா சித்தியைக் காணோம்.

"அவ வரமாட்டா. ரோஷக்காரி!" என்றாள் அம்மா. விருந்துச் சாஸுக்காகக் கல் உரலில் கிடந்த இத்தாலியத் துளசிக்கு நல்ல இடி விழுந்தது.

ஒரு சூப் பானை யாருக்கு என்று அக்காளும் தங்கையும் சண்டை போட்டு, பேசாமல் மூன்று வருஷம் ஓட்டிவிட்டார்கள். பானைக்குத்தான் வெட்கமாக இருந்திருக்கும். ஜெனோவா நகரத்து இந்த வீட்டுக்குச் சித்தி ஒருநாளும் வந்ததில்லை. பத்து வயது நிவேஸ்தான் கெஞ்சிக் கடிதம் எழுதி அழைத்திருந்தாள்.

"தெருப்பேரு, இருபத்தேழுன்னு தெளிவா எழுதினேனேம்மா…"

சொல்லும்போதே நிவேஸுக்குப் பகீரென்றது. ஜெனோவாவில் வீட்டுக்குக் கறுப்பு எண், கடைக்குச் சிவப்பு எண். இரண்டும் தனித்தனி வரிசை. உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். மலைக்கிராமத்திலிருந்து வரும் சித்திக்கு எப்படித் தெரியும்?

ஒரே ஓட்டமாகத் தெருவின் மறுகோடிக்கு ஓடினாள். சிவப்பு இருபத்தேழு, பாச்சியின் மீன்கடை.

"கேக் பெட்டியோட ஒரு அம்மா வந்தாங்க," என்றார் பாச்சி. "'எங்க அக்கா வீடு இதானே?'ன்னாங்க. 'இங்க நெத்திலிதான் குடியிருக்கு'ன்னேன். 'என்னைக் கேலி பண்ணத்தான் கூப்பிட்டிருக்கா'ன்னு அழுதுகிட்டே ஸ்டேஷன் பக்கம் போயிட்டாங்க. பாவம்!"

ஸ்டேஷனில் சித்தி ரயிலில் ஒரு காலை வைத்திருந்தாள்.

"சித்தி! போகாதீங்க!" நிவேஸுக்கு மூச்சு வாங்கியது. "தப்பு என்மேல. கறுப்புன்னு எழுத மறந்துட்டேன். அம்மா காலையிலேருந்து வாசலையே பாத்துட்டிருக்காங்க."

"ஒரே தெருவுல ரெண்டு இருபத்தேழா? யார்கிட்ட கதை விடறே?"

"வந்து பாருங்க. இல்லேன்னா அடுத்த ரயில்ல நானே ஏத்திவிடறேன்."

சித்தி அவளை மேலும் கீழும் பார்த்தாள். நிவேஸின் ஒரு காலில் செருப்பே இல்லை. சித்தி காலைக் கீழே எடுத்து வைத்தாள்.

கறுப்பு இருபத்தேழின் வாசலிலேயே அம்மா நின்றிருந்தாள்.

"இளைச்சுப் போயிட்டியேடி!" என்றாள்.

"ஒழுங்கா நம்பர் போடத் தெரியுதா உங்க ஊருக்கு!" என்று திட்டிக்கொண்டே சித்தி கட்டிக்கொண்டாள். நடுவில் கேக் பெட்டி நசுங்கியது. யாரும் கவலைப்படவில்லை.

அடுத்த சனிக்கிழமை சித்தி வழி கேட்காமல் தானே வந்தாள். வரும் வழியில், சிவப்பு இருபத்தேழில் ஒரு கிலோ நெத்திலியும் வாங்கிக்கொண்டுதான்.