சம்பூர்ணம் உள்ளே வரும் ஷாட்

பூட்டைத் திறந்து உள்ளே வந்தபோது அவள் ஏற்கெனவே படுத்திருந்தாள்.

துளசிராமனுக்கு அது பெரிதாகப் படவில்லை. மூன்று நாளாகச் சரியான தூக்கம் கிடையாது. இன்றும் மெட்ராஸிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை பாசஞ்சர் வண்டியில் கேமராப் பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றே வந்ததில் இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது.

"சம்பூர்ணமா அது?" பின்னால் வந்த சேகர் ஸ்டாண்டை இறக்கி வைத்தான். "கம்பெனிச் சங்கு இன்னும் ஊதலியே. அதுக்குள்ள வந்து படுத்துக்கினு கீறாங்க?"

"அரை நாள் லீவு போட்டிருப்பாங்க. பின்கதவு வழியா வந்திருக்கணும். தூங்கட்டும், விடு."

இருவரும் சினிமா படிக்கிற மாணவர்கள். துளசிராமன் டைரக்ஷன், சேகர் கேமரா. பரீட்சைக்கு ஒரு திகில் படத்தின் ஆரம்பக் காட்சியை எடுத்துக் காட்ட வேண்டும். துளசிராமன் போன வருஷம் ஃபெயில். இந்தத் தடவையும் போனால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர்போய்ச் சேர வேண்டியதுதான். கையில் இருந்தது ஒரே ஒரு டப்பா பிலிம். ராத்திரிக்குள் கேமராவைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

"இருட்டு இல்லை, மழை இல்லை, கதவு கிறீச்சிடலை, பொம்பளை அலறலை. அப்புறம் என்னய்யா திகில்?" என்று வாத்தியார் சிரித்திருந்தார். அதற்காகவே துளசிராமன் எல்லாவற்றையும் வெட்டி எறிந்தான். பட்டப்பகல். திறந்த வாசல். வேலை முடிந்து வருகிற ஒருத்தி சோற்றுத் தூக்கை வைத்துவிட்டுத் தரையில் படுக்கிறாள். எழுந்திருக்கவில்லை. தெருவில் சைக்கிள்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. அவ்வளவுதான் காட்சி.

அதற்காகத்தான் இந்தக் காலி வீட்டையும், பக்கத்தில் புதிதாக முளைத்த இரும்புக் கம்பெனியில் பெருக்குகிற சம்பூர்ணத்தையும் பிடித்திருந்தான். அவள் முகத்துச் சோர்வுக்கு மேக்கப் தேவைப்படவில்லை.

சினிமாவில் கதை ஓடுகிற வரிசையில் யார் எடுக்கிறார்கள்? கிழக்கு ஜன்னல் வெளிச்சம் பிரமாதமாக விழுந்ததால், நேற்றுக் காலையில், அவள் வேலைக்குப் போகுமுன், படுத்துச் சாகிறதை எடுத்து முடித்தார்கள். அவள் உள்ளே வருவது இன்றைக்கு.

நேற்று ஷாட் முடிந்ததும் சேகர் ஒன்று சொன்னான். பிணமாகப் படுத்தவர்களை அப்படியே அனுப்பக் கூடாதாம். எழுப்பி உட்காரவைத்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி அதையும் ரெண்டு அடி பிலிமில் எடுத்துவிட வேண்டுமாம். ஸ்டூடியோக்களில் யாரும் மீறுவதில்லையாம்.

"பிலிமுக்கு எங்கே போறது? பழைய வழக்கத்தை உடைக்கத்தானே இந்தப் படமே" என்று துளசிராமன் கையை உதறினான்.

"இன்னா நைனா, சாவடிச்சுட்டு எழுப்பாமலே அனுப்புறியே" என்று கேலி பண்ணிவிட்டுத்தான் சம்பூர்ணம் போனாள்.

இப்போது கூடத்தில் ஈக்களின் ரீங்காரம். எங்கோ இருக்கும் கெமிக்கல் கம்பெனியிலிருந்து புளித்த நாற்றம் காற்றோடு வந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டது. இரும்புக் கம்பெனியில் எதையோ தூக்கித் தூக்கிப் போடுகிற 'தொம்… தொம்…' சத்தம் சுவர் வழியாக ஏறி உள்ளங்காலில் அதிர்ந்தது. சேகர் கேமராவை மாட்டிவிட்டு, வெளிச்சம் அளக்கிற மீட்டரை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் குனிந்தான். அப்படியே நின்றான்.

"துளசி. இங்க வாயேன்."

"என்னடா?"

"இவங்க மூஞ்சில வெயில் அடிக்குது பார்."

"அதுக்கென்ன?"

"சூரியன் அந்தாண்ட போயி எவ்ளோ நேரமாச்சு. இந்த வெயிலு எங்கேர்ந்துடா வருது?"

துளசிராமன் கிழக்கு ஜன்னலைப் பார்த்தான். அதற்கு அப்பால் நிழல். கூடம் முழுக்க மங்கல். அவள் கன்னத்தில் மட்டும் இளமஞ்சளாக, கம்பிக் கோடுகளோடு, காலை வெயில். நேற்றைய வெயில்.

"சம்பூர்ணம்" என்றான். "சம்பூர்ணம், எழுந்திருங்க."

அசையவில்லை. மார்பும் ஏறி இறங்கவில்லை. கன்னத்தில் ஓர் ஈ நடந்தது. மூடிய இமை மேல் ஏறியது. இமை துடிக்கவில்லை.

செத்துவிட்டாளோ? அப்படி நினைத்தபோது, வெட்கக்கேடு, ஒரு கணம் ஆறுதலாகக்கூட இருந்தது. செத்துப்போவது உலகத்தில் நடக்கிற விஷயம். பின்கட்டுக்கு ஓடினான், யாரையாவது கூப்பிட.

பின்கதவில் உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. அதன் மேல் ஒட்டடை.

இருட்டாக இருந்திருந்தால் கண்ணின் மேல் பழி போடலாம். நிழல் என்று சொல்லிக்கொள்ளலாம். இருட்டைத்தான் அவனே வெட்டி எறிந்துவிட்டானே.

சங்கு ஊதியது.

நீளமாக. ஊர் முழுக்க. பிறகு தெருவில் சைக்கிள் மணிகள், செருப்புச் சத்தங்கள், வேலை விட்டவர்களின் பேச்சு. துளசிராமன் மெதுவாகக் கூடத்துக்குத் திரும்பினான். சேகர் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றிருந்தான். பழக்கத்தில் எப்போது ஓட விட்டானோ, கேமரா 'கிர்ர்' என்று ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த அவன் கை வரவில்லை.

வாசலில் நிழல் விழுந்தது.

சம்பூர்ணம்.

கையில் சோற்றுத் தூக்கு. புடவையில் இரும்புத் தூசி. நெற்றியில் வியர்வை.

"லேட்டாயிடுச்சு சார். சூப்பர்வைசர் வுடல…" என்று ஆரம்பித்தவள் தரையைப் பார்த்தாள்.

அலறுவாள் என்று துளசிராமன் காத்திருந்தான். அலறவேண்டும் என்று மனதுக்குள் கெஞ்சினான்.

அவள் அலறவில்லை. முகத்தில் இருந்த சோர்வு மட்டும் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது. தூக்கை ஓரமாக வைத்தாள். செருப்பைக் கழற்றினாள்.

"சம்பூர்ணம், வேணாம். வெளியே போயிடுங்க!"

"ஒரே அசதியா கீது சார்" என்றாள், அவன் பக்கம் திரும்பாமலே. "நேத்திலேர்ந்தே நிக்க முடியல."

தரையில் கிடந்தவள் கண்ணைத் திறக்கவில்லை. ஒரு கையை மட்டும் ஊன்றி, பாயில் தங்கைக்கு இடம் விடுகிற அக்காவைப் போல, சற்றே நகர்ந்து படுத்தாள்.