சங்கிலி எட்டும் தூரம்

மதியம் இரண்டு மணிக்குத் தரையில் ஈரம் இருந்தது.

மேசைக்கு எதிர்ப்பக்கம், கதவுக்கும் அவருக்கும் நடுவில், சிவப்புத் தரையில் ஒற்றை ஈரத் தடம். கீழே அகலமாக ஒரு அமுக்கல், அதற்கு மேலே வளைவாக நான்கு சின்ன அமுக்கல்கள். புரூஃப் சார் பேனாவை மூடாமலேயே குனிந்து பார்த்தார். குளித்துவிட்டு வந்த கால் ஈரம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அவர் குளித்தது காலை ஆறு மணிக்கு. மேலே மொட்டை மாடி கொதித்து, அந்தக் கொதிப்பு கூரை வழியாகக் கீழே இறங்கி, தலைமுடியெல்லாம் சூடேறிக் கிடந்த நேரம் அது. சொட்டுத் தண்ணீர் சிந்தினாலும் நிற்காது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தடம் ஓரங்களிலிருந்து சுருங்கியது, புள்ளியானது, இல்லாமல் போனது.

நாய்க்கு உடம்பில் வியர்க்காது, உள்ளங்காலில் மட்டும்தான் வியர்க்கும் என்று கீழ்வீட்டு நர்ஸம்மா ஒருமுறை சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. உடனே பேனாவை எடுத்துக்கொண்டு தாளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அவருக்குப் பாடப் புத்தகங்களில் பிழை திருத்துகிற வேலை. தெருவில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது, புரூஃப் சார் என்றால்தான் தெரியும். அடுத்தவர் தவறைக் கண்டுபிடித்துச் சிவப்பு மையில் சுழித்துப் பிழைக்கிற மனிதர், தன் தவறு ஒன்றை எட்டு நாளாக மூச்சுக்காட்டாமல் வைத்திருந்தார்.

நர்ஸம்மாவின் நாய்க்குப் பஞ்சு என்று பெயர். வெள்ளை வெளேரென்று, மழை நாளில்கூட மூச்சு வாங்குகிற அளவுக்கு அடர்ந்த முடி. வயது பதினொன்று. அவளுக்குத் தனிக்கட்டை வாழ்க்கை; வீட்டில் அவளும் பஞ்சுவும்தான். அக்காவுக்குப் பிரசவம் என்று இரண்டு நாள் ஊருக்குப் போக வேண்டி வந்தபோது, பூட்டிய வீட்டுக்குள் தனியாக விட்டால் ஊளையிடும் என்று மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கட்டிவிட்டு, சாவியோடு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணா, தொட்டி நிழல் காலையில ஒரு பக்கம் விழும், மத்தியானத்துக்கு மேல அந்தப் பக்கம் போயிடும். அதுக்காகத்தான் சங்கிலி நீளமா விட்டிருக்கேன். நிழலோட அதுவும் நகர்ந்துக்கும். தண்ணிப் பாத்திரம் அந்தப் பக்கம்தான் இருக்கு. மூணு வேளை மாத்துங்க, ரெண்டு ஐஸ் கட்டி போடுங்க. சாக்கை நனைச்சு விரிச்சு விட்டா அதுல வயித்தை வெச்சுப் படுத்துக்கும்."

"நான் பார்த்துக்கறேம்மா. நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க."

"ரொம்ப இரைச்சுதுன்னா உங்க வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்துடுங்கண்ணா. ஃபேனுக்கு அடியில ஒரு மூலை போதும். அது தொந்தரவு பண்ணாது."

முதல் நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. இரண்டாம் நாள் காலை அச்சகத்திலிருந்து மூன்று முறை போன் வந்துவிட்டது. மாலைக்குள் இருநூறு பக்கம் வேண்டும் என்றார்கள். பஞ்சு கைப்பிடிச் சுவர் வரை போய்த் தெருவைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே இருந்தது. பதினொரு மணிக்கு அவர் விடுவிடுவென்று மேலே ஏறினார். சங்கிலியை, தொட்டியைத் தாங்கும் தடித்த இரும்புக் குழாயில் ஒரு சுற்று சுற்றினார். போதாது என்று தோன்ற, இன்னொரு சுற்று. பத்தடி நான்கடியானது. பஞ்சு வாலை ஆட்டிக்கொண்டு பார்த்தது. அப்போது நிழல் குழாய்ப் பக்கம்தான் இருந்தது. பன்னிரண்டுக்குள் வந்து அவிழ்த்துவிடலாம் என்று நினைத்தார்.

மறந்துவிட்டார் என்றால் அது பொய். அதுதான் அவரைத் தின்றது. ஒரு மணிக்குக் குரைப்பு முனகலானது. காதில் விழுந்தது. இதோ இந்தப் பக்கம் முடியட்டும் என்றார். ஒன்றரைக்கு நகங்கள் காரையைப் பிறாண்டுகிற சத்தம் நேராகத் தலைக்கு மேலே. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். ஏர்கூலரை முழு வேகத்தில் வைத்தார். மூன்று மணிக்குச் சத்தம் நின்றது. அப்பாடா, தூங்கிவிட்டது என்று வாய்விட்டே சொன்னார்.

ஐந்தரைக்குப் போனபோது பஞ்சு நீட்டிப் படுத்திருந்தது. முன்னங்கால்கள் இரண்டும் நிழலைப் பார்த்து நீண்டிருந்தன. சங்கிலி விறைப்பாக இருந்தது. தண்ணீர்ப் பாத்திரத்துக்கும் அதன் மூக்குக்கும் நடுவில் ஆறடி.

அதன் பிறகு அவர் செய்ததுதான் பெரிய காரியம். சங்கிலியின் இரண்டு சுற்றையும் அவிழ்த்தார். உடம்பை நிழலுக்கு இழுத்துப் போட்டார். அது அப்போதும் சூடாக இருந்தது, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி. சாக்கை நனைத்து அதன் வயிற்றுக்கு அடியில் விரித்தார். பாத்திரத்தில் புதுத் தண்ணீர் ஊற்றி, இரண்டு ஐஸ் கட்டி போட்டார். அதற்குப் பிறகுதான் நர்ஸம்மாவுக்குப் போன் செய்தார்.

இரவோடு இரவாக வந்து சேர்ந்தவள் நனைந்த சாக்கைப் பார்த்தாள். ஐஸ் கரைந்து தளும்பி நின்ற தண்ணீரைப் பார்த்தாள். அழுதுகொண்டே அவர் கையைப் பிடித்தாள்.

"நீங்க என்ன குறை வெச்சீங்க அண்ணா? எல்லாம் நான் சொன்னபடியேதான் பண்ணியிருக்கீங்க. இந்த வெயில்ல வயசான ஜீவனை விட்டுட்டு நான் போயிருக்கவே கூடாது. என் தப்பு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். துக்கம் என்று நினைத்தாள். மறுநாள் தெரு முழுக்கச் செய்தி பரவியிருந்தது. இஸ்திரிக்காரர் வண்டியை நிறுத்தி, "யாரு சார் இந்தக் காலத்துல அடுத்தவங்க நாய்க்கு ஐஸெல்லாம் போடுவாங்க?" என்றார். புரூஃப் சாருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு இஸ்திரிக்காரர் நிற்கிற பக்கமே போகாமல் சுற்றிப் போனார்.

முதல் தடம் தெரிந்தது எட்டாம் நாள். ஒன்பதாம் நாள் ஆறு தடங்கள். நாற்காலியைச் சுற்றி வளைவாக, வரிசையாக, போய்த் திரும்பிய மாதிரி. பழக்கம் விடவில்லை, காய்வதற்குள் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். காய்ந்ததும் அளவுகோலை எடுத்து, தான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அளந்தார். நான்கடி. அடுத்தது நான்கடி. எல்லாமே நான்கடி.

அளவுகோல் கையிலிருந்து நழுவியது.

பத்தாம் நாள் நாற்காலியை உள்ளறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். தடங்களும் உள்ளறைக்கு வந்தன. அன்றைக்கு வாசனையும் வந்தது: வெயிலில் காய்ந்த முடியின் வாசனை, சூடேறிய இரும்பின் வாசனை, அதற்கு அடியில் எச்சில் வற்றிய வாயின் புளித்த நாற்றம். ஏர்கூலரை வைத்தார். அந்த இரைச்சலுக்குள் இன்னொரு இரைச்சல் இருந்தது. கூலரை அணைத்தார். கூலர் நின்றது. மற்றது நிற்கவில்லை. நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கிற சத்தம், வேகமாக, ஒரே சீராக, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில். தெருவுக்கு ஓடினார். தார்ச்சாலை உருகிக் கிடந்தது. புளியமர நிழலில் நின்று திரும்பிப் பார்த்தால், நிழலுக்கு வெளியே, வெயிலில், அவரைச் சுற்றி அரைவட்டமாகத் தடங்கள் தோன்றித் தோன்றிக் காய்ந்துகொண்டிருந்தன.

பதினோராம் நாள் அவர் வெளியே போகவில்லை. காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. தண்ணீர் குடிக்க டம்ளரைத் தூக்கினால் இரைப்பு கூடியது. தூக்கியதை அப்படியே வைத்துவிட்டார்.

இரண்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

"அண்ணா, நான்தான்."

நர்ஸம்மா வாசலில் நின்றாள். கையில் பஞ்சுவின் தண்ணீர்ப் பாத்திரம், தேய்த்துக் கழுவி, விளிம்பு வரை தண்ணீரோடு.

"இன்னைக்கு எனக்கு லீவு. இதைப் பார்த்துட்டு வீட்டுல உட்கார முடியலை. உங்க வாசல்ல வெச்சுடுங்க. காக்கா, தெருநாய் எது வந்தாலும் குடிக்கட்டும். அதுக்குக் கடைசியாத் தண்ணி காட்டின கை உங்க கைதானே." அவரைப் பார்த்ததும் குரல் மாறியது. "என்னண்ணா இப்படி இளைச்சுட்டீங்க? ஜுரமா? உட்காருங்க முதல்ல."

கையைத் தொட்டுப் பார்த்து நாற்காலியில் உட்கார வைத்தாள். பாத்திரத்தைத் தரையில் வைத்தாள். அவர் காலிலிருந்து சரியாக ஐந்தடி தள்ளி.

"அங்க வைக்காதீங்க," என்றார் அவர்.

"ஏன்?"

பதில் சொல்வதற்குள் இரைப்பு ஆரம்பித்தது. இந்த முறை இன்னும் சத்தமாக. நர்ஸம்மா தலையைத் திருப்பினாள். அவளுக்கும் கேட்டது. பதினொரு வருஷம் கேட்ட சத்தம்.

தரையில் ஒரு தடம். பக்கத்தில் இன்னொன்று. பாத்திரத்தை நோக்கி வேகமாக நான்கு. அங்கே நின்றன. அப்படியே வழுக்கின. நகங்கள் தரையைப் பிறாண்டின. பாத்திரத்துக்கும் தடங்களுக்கும் நடுவில் ஒரே ஓரடி. காற்றில் எதுவோ விறைத்து இழுபட்டுக் கிணுகிணுத்தது.

"பஞ்சு?" என்றாள் அவள். குரல் குழந்தைக்குரலாகிவிட்டது. "பஞ்சும்மா, வாடா. குடி. ஏன் நின்னுட்டே?"

தடங்கள் அவள் பக்கம் திரும்பவில்லை. இழுத்தன. வழுக்கின. மறுபடி இழுத்தன.

அவள் பார்வை பாத்திரத்திலிருந்து தடத்துக்கு வந்தது. தடத்திலிருந்து மெல்ல, தரையை அளந்துகொண்டே, நாற்காலிக்கு வந்தது. அவர் முகத்துக்கு வந்து நின்றது.

"அண்ணா," என்றாள். "ஏன் அதுக்கு எட்டலை?"

அவரால் அந்தக் கண்ணைப் பார்க்க முடியவில்லை. தன் வெறுங்காலைப் பார்த்தார். காது மடல் எரிந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நான்தான்," என்றார். "சங்கிலியை நான்தான் குழாய்ல சுத்தினேன். ரெண்டு சுத்து. குரைக்குதுன்னு. அது கத்தினது எனக்குக் கேட்டுச்சு. கேட்டுட்டுத்தான் ஜன்னலைச் சாத்தினேன். சாக்கு, ஐஸ் எல்லாம் அப்புறம். எல்லாம் முடிஞ்சதுக்கு அப்புறம்."

அறையில் இரைப்பு மட்டும்.

பிறகு இரும்பில் இரும்பு உரசுகிற சத்தம். ஒரு சுற்று. கடகடவென்று அவிழ்ந்தது. இன்னொரு சுற்று.

சங்கிலி தரையில் விழுந்தது கேட்டது.

இப்போது பாத்திரம் எட்டும். நர்ஸம்மா அதைத் தடங்கள் பக்கம் தள்ளினாள். தண்ணீர் தளும்பி அடங்கியது. அதற்குப் பிறகு அதில் ஒரு சலனமும் இல்லை.

தடங்கள் திரும்பியிருந்தன.

ஒன்று. இரண்டு. மூன்றடியில். இரண்டடியில். அவரை நோக்கி. அவசரமில்லாமல். பழகிய இடத்துக்கு வருகிற மாதிரி. வாலின் அடி நாற்காலிக் காலில் பட்டுப் பட்டு விழுந்தது. டப். டப். டப்.

காலை இழுத்துக்கொள்ள நினைத்தார். கால் வரவில்லை.

அவர் பாதத்தின் மேல், விரல்களிலிருந்து கணுக்கால் வரை, அகலமாக, சூடாக, எதுவோ இழுபட்டது. நாக்கு. ஒரு பொட்டு ஈரமில்லை. மணல்தாளால் தேய்த்த மாதிரி இருந்தது. இழுத்த இடத்தில் தோல் வெளுத்து வெடித்தது.

நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

அது மறுபடி நக்கியது. மறுபடியும். வால் அடித்துக்கொண்டே இருந்தது.