இன்னும் வெளியே உள்ள படகு

மீனவர் சங்கத்தின் துறைமுக அலுவலகத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் இரண்டு மணி. கீலுங் துறைமுக நகரத்துக்குக் கிழக்கே இருக்கும் இந்தக் கரையில் அக்டோபர் மழை விடுவதே இல்லை. அந்த நேரத்துக்கே உள்ளே விளக்குப் போட்டிருந்தார்கள்.

யென் அக்கா வாசலில் நின்று என் குடையை வாங்கிக்கொண்டார். அந்த அலுவலகத்தின் பொறுப்பாளர் அவர்தான். நான் ஊரில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன்.

"வா ஆ-லுங். அந்தக் கிழம் உள்ளதான் இருக்கு. பொத்தானை அமுக்கிட்டு நான் போய் நூடுல்ஸ் தின்னுட்டு வந்தாலும் பாதிதான் எழுந்திருக்கும்."

"லேசான லினக்ஸ் போட்டுடலாம் அக்கா. இன்னும் நாலு வருஷம் ஓடும்."

"லேசானதா? அதுவும் உன் கடையில உட்கார்ந்து பட்டினி கிடந்துச்சா?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இந்த வேலைக்கு என்னைக் கூப்பிடலாமா என்று ஒரு மாதம் யோசித்துவிட்டுத்தான் கூப்பிட்டிருந்தார்.

அது என் மனைவி சியூ-லியென் இருபத்து மூன்று வருடம் உட்கார்ந்து வேலை பார்த்த கணினி. ஏப்ரலில் அவள் இறந்தாள்.

அவள் மேசையை ஒட்டி, கடலைப் பார்த்து ஒரு சிறு சாளரம் உண்டு. படகு வெளியே போகும்போதும் திரும்பும்போதும் அதை இரண்டு முறை தட்டி எண்ணைச் சொல்ல வேண்டும். போகிறவர்களுக்கு அவள் தலையை மட்டும் அசைப்பாள். திரும்பியவர்களிடம் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வந்துட்டியா? சாப்ட்டியா?" என்பாள். அதைக் கேட்ட பிறகுதான் ஆட்கள் கயிற்றைக் கட்டப் போவார்கள்.

கணினியின் தலைமேல் பச்சைப் பொட்டலம் நின்றது. தேங்காய் வாசனை வரும் சோளப் பொரி. எங்கள் ஊரில் வேலை பார்க்கும் எந்த இயந்திரத்தின் மேலும் அதைப் பார்க்கலாம். அது இருந்தால் இயந்திரம் சொன்ன பேச்சைக் கேட்கும். பச்சை உறையாகத்தான் இருக்க வேண்டும். தேதி முடிந்திருக்கக் கூடாது. பிரித்தால் போச்சு.

என் மகன் யாவ்-டிங் எட்டு வயதில் பிரித்தான். பள்ளிவிட்டு அம்மாவிடம் வருகிறவன், பொட்டலத்தின் அடியை மட்டும் கிழித்துத் தின்றுவிட்டு, உள்ளே காற்றை ஊதி நேராக நிறுத்திவைப்பான். முன்னால் பார்த்தால் நிறைந்த பொட்டலம். ஒருநாள் கணினி நின்றுபோய், சியூ-லியென் பொட்டலத்தைத் தூக்கியபோதுதான் கனம் இல்லாதது தெரிந்தது. "இயந்திரத்தோட சோத்தைத் திங்கிறியேடா!" என்று அவள் அவனைத் துறைமுகம் முழுக்கத் துரத்தியது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

"பழசுக்குத் தேதி முடிஞ்சிருச்சு." யென் அக்கா ஒரு புதுப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். "வேலை முடிஞ்சதும் இதை வை. அப்புறம்..."

"சொல்லுங்க."

"அழிக்கிறதுக்கு முன்னாடி நகல் எடுத்துக்கோ. அந்த ஒரு வரியையாவது."

மேல்மாடியில் கூட்டம் இருக்கிறது என்று போய்விட்டார்.

பழைய பதிவேட்டைக் கடைசியாக ஒருமுறை திறந்தேன். அதில் ஒரே ஒரு வரி சிவப்பில் இருந்தது. கணவாய் மீன் பிடிக்கும் ஒற்றை ஆள் படகு. ஓட்டுபவர் யாவ்-டிங். கிளம்பியது காலை நான்கு ஐம்பது. ஒன்பது வருடத்துக்கு முந்தைய அக்டோபர்.

போன படகு திரும்பாவிட்டால் அந்தப் பதிவேடு அன்றைய கணக்கை மூடவிடாது. மூட வேண்டுமானால் அந்த வரிக்கு எதிரே 'இன்னும் வெளியே' என்று கையால் தட்டியாக வேண்டும். சியூ-லியென் ஒன்பது வருடம் தினமும் மாலையில் அதைத் தட்டினாள். வேறு கணினி தருகிறோம் என்றபோதெல்லாம் மறுத்தாள். மகன் இறந்ததாக அறிவிக்கச் சொல்லி நான் நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்ட வாரம் அவள் என்னோடு பேசவில்லை. பிறகு ஒன்று மட்டும் சொன்னாள்.

"நீ போட்டது காகிதத்துல. என்கிட்ட அவன் வெளியேதான் இருக்கான்."

சட்டைப்பையில் நகல் எடுக்கும் பென்டிரைவ் இருந்தது. கை அதைத் தொட்டது. எடுக்கவில்லை. அந்த வரியை வீட்டுக்குக் கொண்டுபோனால் இனி நான் தட்ட வேண்டியிருக்கும். எனக்கு அந்தத் தெம்பு இல்லை. அதுதான் உண்மை.

நிறுவல் வட்டைப் போட்டு இயந்திரத்தை மறுபடி கிளப்பினேன். மொழி கேட்டது. நேர மண்டலம் கேட்டது. பிறகு அந்தக் கேள்வி: வட்டு முழுவதையும் அழித்து நிறுவவா?

அப்போதுதான் வாசனை வந்தது.

டீசல். கணவாய். நனைந்த தலைமுடி.

துறைமுகத்தில் டீசல் வாசனை புதிதல்ல. ஆனால் சாளரம் மூடியிருந்தது. வாசனை அறைக்குள், என் இடது தோளுக்குப் பக்கத்தில் இருந்தது.

மழைச் சத்தம் குறைந்தது.

சாளரத்தில் இரண்டு தட்டல்.

மெதுவாக. விரல் முட்டியால்.

ஏப்ரலில் இருந்து அந்தச் சாளரத்தில் பதிவு கிடையாது. அது இங்கே எல்லோருக்கும் தெரியும், யாரும் தட்டுவதில்லை. மங்கிய கண்ணாடிக்கு அப்பால் ஆள் நிழல் எதுவும் தெரியவில்லை. காற்றாக இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மறுபடி இரண்டு.

என் வாயில் அந்தச் சொற்கள் இருந்தன. இருபத்து மூன்று வருடம் கேட்ட சொற்கள். பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒருமுறை பதில் சொல்லிவிட்டால் நானும் அவளைப் போல் ஆகிவிடுவேன் என்று பயந்தேன்.

'ஆம்' என்பதை அழுத்தினேன்.

தட்டல் நின்றது.

நிறுவல் ஓடியது. பத்து விழுக்காடு, முப்பது, அறுபது. வட்டு முனகுகிற சத்தம் தவிர அறையில் எதுவும் இல்லை. நாற்காலியைவிட்டு நான் எழவில்லை. சாளரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன்.

முடிந்ததும் மறுபடி கிளப்பினேன். ஒரு நிமிடத்துக்குள் திரை வந்துவிட்டது. வெறும் நீலம். ஒரு கோப்பு இல்லை. ஒரு வரி இல்லை. இனி யாரும் வெளியே இல்லை.

பழைய பொட்டலத்தைக் குப்பையில் போட்டுப் புதியதை வைத்தேன். நிறைந்த, உப்பிய, பச்சைப் பொட்டலம். என் கையால் வைத்தேன். கை கழுவப் போய் வந்தேன். மூன்று நிமிடம் இருக்கும்.

யென் அக்கா படியிறங்கி வந்து திரையைப் பார்த்தார்.

"அட, கிழத்துக்குக் கல்யாண வயசு வந்துருச்சே!"

பொட்டலத்தின் தேதியைப் பார்க்கத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது.

"ஆ-லுங்."

"என்ன அக்கா?"

"ஏன்டா காலிப் பொட்டலத்தை வச்சிருக்க?"

நான் வாங்கிப் பார்த்தேன். கனம் இல்லை. முன்பக்கம் ஒரு சுருக்கம் இல்லை. அடி மட்டும் கிழிந்திருந்தது, ஓரத்தில் இருந்து ஓரம் வரை. உள்ளே ஒரு பொரி ஒட்டியிருந்தது. நனைந்திருந்தது. அதைத் தொட்ட விரலை நக்கிப் பார்த்தேன்.

கடல் உப்பு.

அன்று யாவ்-டிங்கைத் துறைமுகம் முழுக்கத் துரத்தியபோது கூடவே ஓடியவர் யென் அக்கா. சியூ-லியெனின் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் சாளரத்தைத் திறந்தேன். தாழ்ப்பாளை விலக்கவே நேரம் பிடித்தது. மழை முகத்தில் அடித்தது. படகுகள் கட்டிக் கிடந்தன. கரையில் ஒருவரும் இல்லை. சாளர விளிம்பில் மட்டும் இரண்டு இடங்களில் தண்ணீர் தேங்கியிருந்தது, யாரோ முழங்கையை ஊன்றி வெகுநேரம் காத்திருந்ததைப் போல.

"வந்துட்டியா?" என்றேன். மறுபடி சொன்னேன். "வந்துட்டியாடா? சாப்ட்டியா? அம்மா... அம்மா இல்லடா. ஏப்ரல்லயே போயிட்டா. அப்பா இருக்கேன். உள்ள வா."

மழை பெய்தது.

இது நடந்து ஒரு வருடம் ஆகிறது. கணினி ஒருமுறைகூட மக்கர் செய்யவில்லை. ஆனாலும் தினமும் மதியம் அங்கே போகிறேன். யென் அக்கா காரணம் கேட்பதில்லை. பழைய பொட்டலத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கிறேன். வெறும் திரையில் படகு எண்ணையும், பெயரையும், நான்கு ஐம்பதையும் தட்டி, எதிரே 'இன்னும் வெளியே' என்று தட்டுகிறேன். சாளரத்தைத் திறந்துவைத்து மாலைவரை உட்கார்ந்திருக்கிறேன்.

யாரும் தட்டுவதில்லை.

மறுநாள் போய்ப் பொட்டலத்தைத் தூக்கினால், கனம் இருப்பதில்லை.