குளக்கரையில் ஒரு வெட்டு

காலை ஏழு மணிக்குக் கணினியைத் திறந்த பிரவின்ராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குளத்தைக் காணவில்லை.

திரையில் இருந்தது கேளிக்கைப் பூங்கா கட்டும் விளையாட்டு. நடுவே நேற்றுவரை ஒரு குளம் தளும்பிக்கொண்டிருந்தது. சுற்றிலும் உயரமான மண்கரை, கரைமேல் குட்டி ரயில், வெளியே தாழ்வான வயல். ரயில் இப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. குளத்தில்தான் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"அக்கா! அகில் வேலையைக் காட்டிட்டான்!"

பல் துலக்கிக்கொண்டிருந்த பொன்செல்வி வாயைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வருவதற்குள் தம்பி போனில் கத்த ஆரம்பித்திருந்தான்.

"பெங்களூருல தனியா வேலை கிடைச்சதும் என் வாயில மண்ணள்ளிப் போட்டுட்டியே! எங்க வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு எப்படில மனசு வந்துச்சு?"

 மறுமுனையில் இணைப்பு அறுந்தது.

அகில் பிரவின்ராஜின் கல்லூரித் தோழன், மலையாளி. பூங்காவை இருவருமாகத்தான் கட்டினார்கள். திருவனந்தபுரம் கழக்கூட்டத்துக் கணினி விளையாட்டு நிறுவனம் ஒன்று இன்று பகலில் அதைப் பார்க்கிறது. பிடித்தால் இருவரையும் ஜோடியாகவே வேலைக்கு எடுத்துக்கொள்ளும். நேற்றிரவு இங்கேயே படுத்த அகில், நல்ல சட்டை மாற்றிவர விடியுமுன் நேமத்திலுள்ள தன் வீட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தான். சந்தேகம் அவன்மேல் விழ அது போதாதா?

பொன்செல்விக்குப் போதவில்லை. டெக்னோபார்க்கில் அடுத்தவர் எழுதிய மென்பொருளில் குற்றம் கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவள் அவள். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"நகரு. திறந்ததும் முதல்ல என்ன தெரிஞ்சது?"

"வயல். வெளிப்பக்கம் கரையடியில கேமரா நின்னுச்சு. மேல தூக்கினா, குளம் காலி."

"சரி, தண்ணியை ஊத்து."

ஊற்றினான். கரை மூடப்படவில்லை என்று விளையாட்டு மறுத்தது.

பூங்காவின் ஒரு மூலையில் அவளே சிறு குழி தோண்டி ஊற்றிப் பார்த்தாள். உடனே நிரம்பியது. "கருவியில கோளாறு இல்லை. கரையிலதான் எங்கயோ இருக்கு."

"சுத்திப் பார்த்துட்டேனே! உடைப்பே இல்ல."

"மரங்களை மறை."

கரையோரத்துப் பூமரங்கள் மறைந்தன. தெற்கு மூலையில் அகலமான, ஆழமில்லாத வெட்டு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழேவரை ஒரே சீராக வெட்டி, அடியில் கல் பாவியிருந்தது. அங்கிருந்து வயலுக்கு ஒரு சின்ன வாய்க்காலும் இறங்கியது. தண்டவாளம் மட்டும் மேலே பாலம்போல அப்படியே நின்றது.

"மண் வெட்டுற பிரஷ் இப்ப எந்த அளவுல இருக்கு?"

"இருக்கறதுலயே சின்னது."

"அகில் எதை வைப்பான்?"

"பெரிசு. சின்னதுக்கு அவனுக்குப் பொறுமை ஏது? மாட்டிக்கக் கூடாதுன்னு மாத்தியிருப்பான்."

"கெடுக்க வந்தவன் கல்லு பாவிட்டா போவான்? குளத்தை அழிக்கணும்னா குளத்தைப் பார்த்துக்கிட்டுல்ல அழிப்பான்? இவன் வெளிய நின்னு வேலை பார்த்திருக்கான். தண்ணி போனதே அவனுக்குத் தெரியாது."

பிரவின்ராஜ் வெட்டைக் கிட்டத்தில் இழுத்துப் பார்த்தான்.

"ராத்திரி கடைசியா என்ன பேசினீங்க?"

"மழையப் பத்தி. கம்பெனிக்காரங்க முன்னால பெருமழை பெய்யவச்சுக் காட்டலாம்னு. அப்பா சாப்பிட்டுட்டே 'எம்புட்டு நேரம் பெய்யும்'னு கேட்டாங்க. 'நிக்காமப் பெய்யும், நீங்க படுங்க'ன்னேன்."

பொன்செல்வி திரையை விட்டுக் கண்ணை எடுத்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. புரியாமலே போயிருக்கலாம் என்று பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டாள்.

அப்பா வேலப்பன் தம்பானூர் ஓட்டலொன்றில் டீ மாஸ்டர். இருட்டோடு கிளம்பிப் போய், காலைக் கூட்டம் ஓய்ந்ததும் கஞ்சிக்கு வருவார். நாங்குநேரிப் பக்கத்துக்காரர். ஒரு மழைக்காலத்தில் ஊர்க் குளம் உடைந்து வயலெல்லாம் மணல் மூடிப்போகவே பிழைப்புத் தேடித் திருவனந்தபுரம் வந்தவர். பிள்ளையின் விளையாட்டை அவர் ஒருநாளும் பாராட்டியதில்லை. ஆனால் தட்டோடு உட்கார்ந்து தினமும் பார்ப்பார்.

செருப்பைக் கழற்றி உள்ளே வந்தவரிடம் அவள் சுற்றிவளைக்கவில்லை.

"அப்பா, மறுகால் வெட்டினது நீங்கதானே?"

வேலப்பனின் முகம் மலர்ந்தது. பாராட்டப்போகிறார்கள் என்றே நினைத்துவிட்டார், பாவம்.

"பார்த்திட்டியா மக்கா? இம்புட்டுப் பெரிய குளத்துக்கு, மிச்சத் தண்ணி வெளிய போக மறுகாலே வைக்கலியே. நிக்காம மழை பெஞ்சா கரை தாங்குமா? எங்க ஊர்ல தாங்கலியே. சொன்னாச் சிரிப்பீங்கன்னு, நீங்க செய்யறதைப் பார்த்துப் பார்த்து, எல்லாரும் தூங்கினப்புறம் நானே..."

அப்போதுதான் திரையைப் பார்த்தார். "தண்ணி எங்கல?"

"இந்தத் தண்ணி நம்ம ஊர்த் தண்ணி மாதிரி இல்லப்பா. சுத்திக் கரை முழுசா இருந்தாத்தான் நிக்கும். ஒரு இடம் மட்டத்துக்குக் கீழ இறங்கினாலும் மொத்தமும் மறைஞ்சிரும். மழையும் வெறும் படம்தான். குளம் ஏறவே ஏறாது."

எல்லாவற்றையும் ஒழுங்காக விளக்கிவிட்டாள். அலுவலகமாக இருந்தால் கைதட்டியிருப்பார்கள். இங்கே அப்பா சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். பெற்ற தகப்பனைக் குற்றவாளி போல நிறுத்திவைத்து இப்படிக் கேட்டிருக்க வேண்டாம் என்று அவளுக்கு உறுத்தியது.

பிரவின்ராஜ் வெட்டை மூடித் தண்ணீரை ஊற்றினான். நொடியில் குளம் நிறைந்துவிட்டது. அகிலை அழைத்தான். எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தான்.

"உன் போன்ல கூப்பிடுக்கா."

பொன்செல்வி ஸ்பீக்கரில் போட்டாள். அகில் எடுத்தான். பின்னால் பஸ்களின் ஹாரன் சத்தம்.

"எங்கடா இருக்கே?"

"தம்பானூர் ஸ்டாண்டுல, சேச்சி. பெங்களூர் பஸ்ஸுக்கு நிக்கேன். அந்த வேலை வேண்டாம்னு ராத்திரியே எழுதிட்டேன், அவன்கூட இருக்கணும்னு. காலையில அவன் ஏசினப்புறம் அவங்களைத் திரும்ப விளிச்சுக் கெஞ்சினேன். வான்னு சொல்லிட்டாங்க."

அவள் நடந்ததைச் சொன்னாள். அகில் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டான்.

"மாமனை ஆரும் ஏச வேண்டாம், கேட்டோ? பாவம், நல்லதுக்குச் செஞ்சது."

"அப்ப திரும்பி வாடா. இன்னும் நேரம் இருக்கு."

"குளத்தை உடைச்சது ஆருன்னு சேச்சி கண்டுபிடிச்சல்லே. அவன் பார்த்த உடனே நான்தான்னு நம்பினானே, அது எதனாலன்னும் ஒண்ணு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. அப்புறம் வர்றேன்."

போன் அணைந்தது. பொன்செல்வி தம்பியைப் பார்த்தாள். பிரவின்ராஜ் தலையைத் தூக்கவில்லை.